மரத்தில் கட்டிப் பார்த்த விமானம்

போன மாதம் ஒரு அலுவலாக, நான் முன்பு வேலை செய்த பழைய பட்டறைப் பக்கம் போயிருந்தேன். வாசலில் ஒரு பெரிய மரப்பெட்டியை உடைத்து, தேயிலை ஃபெக்டரிக்கு வந்த புது விசிறியை இறக்கிக்கொண்டிருந்தார்கள். இதழ்கள் எல்லாம் இரும்பு. எந்த இதழ் எவ்வளவு சரிவில் நிற்க வேண்டும் என்பதைத் தகட்டில் அடித்தே அனுப்பியிருந்தார்கள். அதைப் பூட்ட வந்து கையைத் துடைத்துக்கொண்டு நின்ற ஒரு பிட்டர் கேட்டார்:

"ஹனிபா நானா, ஒங்கட காலத்துல இப்பிடித் தகடு ஒண்டும் வரல்லதானே. இதழ எவ்வளவு சரிக்கிறண்டு எப்பிடித் தெரிஞ்ச?"

பக்கத்தில் நின்றவர், "எங்க தெரிஞ்ச? தெரியாமத்தான் செஞ்சிருப்பாங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்து இஷாத் தொழுதுவிட்டு உட்கார்ந்தபோது, அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை என்று பட்டது. தெரியாமல்தான் தொடங்கினோம். எப்படித் தெரியவந்தது என்பதை எழுதலாம் என்று தோன்றியது.

எங்கள் வாப்பா கண்டிக் கடைவீதியில் தொப்பி தைத்தவர். எனக்கு ஊசி சரிவரவில்லை, உளி சரிவந்தது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, 1920களின் தொடக்கத்தில் பட்டறையில் சேர்ந்தேன். சில வருடம் மரச்சீவல் கூட்டினேன், மரம் ஒட்டுகிற வச்சிரம் காய்ச்சினேன். பிறகு வார்ப்புக்கு மர அச்சுச் செய்கிற மேசை கிடைத்தது. இரும்பில் வார்க்க வேண்டிய எந்தச் சாமானையும் முதலில் மரத்தில் செய்து கொடுப்பவன் நான்தான்.

எங்களுக்கு வந்த வேலையில் பெரும்பகுதி தேயிலை ஃபெக்டரி வேலை. பறித்த கொழுந்தை ஃபெக்டரியின் மேல்மாடியில் சாக்குத் தட்டுகளில் பரப்பி வாட்டுவார்கள். மழை நாளில் அது தானாக வாடாது. மாடியின் ஒரு கோடியில் ஆள் உயர விசிறி வைத்து, சூட்டுக் காற்றைத் தட்டுகளுக்கு ஊடாக இழுக்க வேண்டும். அந்த விசிறியின் இதழ்களை முதலில் மரத்தில் செதுக்கியவன் நான். அதனால் காற்றைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு எண்ணம் இருந்தது.

எங்கள் வேலையை மேற்பார்த்த போர்மன் கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர். காதில் பென்சில், நெற்றியில் திருநீறு. அவர் ஒருநாளும் எங்கள் கையிலிருந்து வேலையைப் பிடுங்கிப் பார்த்ததில்லை. நாமாக நீட்டும்வரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். நீட்டினால் கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்குவார். பிழை என்று சொல்லவும் மாட்டார். "இது என்ன சொல்லுது, ஹனிபா?" என்று கேட்பார். அந்தக் கேள்வி வந்தால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று அர்த்தம். எங்கே என்று நாமே தேட வேண்டும். வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆவுக்குப் புறப்படும்போது, என் மேசையில் அரைகுறையாகக் கிடக்கும் வேலையைச் சுற்றிச் சோக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டுவிடுவார். வட்டத்துக்குள் யாரும் கை வைக்கக் கூடாது. திரும்பி வந்ததும் அந்த வட்டத்தை நானேதான் அழிப்பேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

1930களின் பிற்பகுதியில் ஒரு காலை, ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் டீமேக்கர் மாணிக்கம் பட்டறைக்கு வந்தார். டீமேக்கர் என்றால் ஃபெக்டரியில் தேயிலை தயாரிப்புக்குப் பொறுப்பானவர். பிறந்த குழந்தையைக் கொண்டுவருவதுபோல் துவாயில் சுற்றி எதையோ மார்போடு அணைத்திருந்தார். அவிழ்த்தால், கைமுஷ்டி அளவில் ஒரு பெற்றோல் எஞ்சின்.

"கப்பல்ல வந்துச்சுங்க. நான் ஒரு விமானம் செஞ்சிருக்கேன். எறக்கை மட்டும் எட்டடி. மூங்கிலும் பட்டுத்துணியும். ஆளு ஏற முடியாது, தானாப் பறக்கும். எல்லாம் முடிஞ்சு போச்சு. முன்னால சுத்துற புரொப்பெல்லர்தான் இல்ல. நீங்க விசிறி செய்யிறவங்க, ஒங்களுக்கு இது எம்மாத்திரம்?"

போர்மன் எஞ்சினைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "விமானம் இப்ப எங்க நிக்குது?"

மாணிக்கம் தலையைச் சொறிந்தார். "அதுதாங்க சங்கடம். வேற எடமில்லாம ஃபெக்டரி மேல்மாடியில கட்டித் தொங்கவிட்டிருக்கேன். இப்ப கொழுந்து கொறவு, மாடி காலி. மழை தொடங்கினா கொழுந்து குமியும். தோட்டத்துப் பெரிய தொரை நேத்து மாடிக்கு வந்து பாத்துட்டாரு. 'டீமேக்கர், கொழுந்து வர்றதுக்கு முன்னுக்கு இது பறக்கணும். பறக்காட்டி ட்ரையர் அடுப்புல போடு'ன்னு சொல்லிட்டாரு. அவரு வெளையாட்டுக்குச் சொல்ற ஆளு இல்லங்க."

தேயிலை உலர்த்தும் அடுப்புக்கு விறகாகப் போகவிருந்தது இரண்டு வருட வேலை என்று பிறகு சொன்னார். பகல் முழுக்க ஃபெக்டரியில் நின்றுவிட்டு, மிஞ்சிய நேரத்தில் ஒவ்வொரு மூங்கிற் சிம்பாய்ச் சீவிக் கட்டியது.

மாணிக்கம் போனபின் போர்மன் ஒரு மரத்திருகாணியை எடுத்துப் பலகையில் முடுக்கினார். "ஒரு சுத்துச் சுத்தினா இது எவ்வளவு உள்ளுக்குப் போகுது, பாரும். அதுதான் பிட்ச். புரொப்பெல்லரும் திருகாணிதான், பலகைக்குப் பதிலாக் காத்து. நுனிக்கு நுனி எவ்வளவு நீளம், பிட்ச் எவ்வளவு. இந்த ரெண்டையும்தான் நாங்கள் கண்டுபிடிக்க வேணும். நீளம் கூடினாலும் எஞ்சினுக்குப் பாரம், பிட்ச் கூடினாலும் பாரம். ஒண்டுக்குக் குடுத்தா மற்றதில எடுக்க வேணும்."

நீளம் சீக்கிரம் தீர்ந்தது. பெரிய இறக்கைக்கு மெதுவாகப் பறப்பதுதான் இயல்பு. மெதுவாகப் போகிற ஒன்றை இழுக்க நீளமான இதழ் நல்லது. ஆனால் சக்கரத்தின் உயரத்துக்கு மேல் நீண்டால் புல்லில் அடிபடும். பதினெட்டு அங்குலம் என்று வைத்தோம். பிட்ச்தான் பிடிபடவில்லை. எஞ்சின் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்று தெரிந்தால் கணக்குப் போடலாம். விசிறித் தண்டில் வைத்துச் சுற்றை எண்ணும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. இந்தச் சின்ன எஞ்சினில் அதை வைத்து அழுத்தினால் எஞ்சினே நின்றுவிட்டது.

"அப்ப மூண்டு செய்வம். தட்டையா ஒண்டு, நடுத்தரமா ஒண்டு, செங்குத்தா ஒண்டு" என்றார் போர்மன். தட்டைக்கு நாலு அங்குலப் பிட்ச், செங்குத்துக்குப் பத்து. முதலில் இந்த இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நடுவுக்கு வரலாம் என்று முடிவு.

வளைந்து கொடுக்கும், உடையாது என்று ஹல்மில்ல மரத்தில் ரேகை நேராக ஓடும் துண்டு எடுத்தேன். பிஸ்மில்லாஹ் சொல்லி முதலில் நடுத்துளையைப் போட்டேன். துளை கோணினால் மற்ற எதுவும் நிமிராது. பிறகு கடுதாசியில் முக்கோணம் வரைந்தேன். அடிக்கோடு, இதழின் அந்த இடம் ஒரு சுற்றில் ஓடும் தூரம். நிமிர்ந்த கோடு, பிட்ச். நடுவுக்குக் கிட்டே ஓடும் தூரம் குறைவு, ஆகவே முக்கோணம் செங்குத்து. நுனியில் ஓடும் தூரம் அதிகம், ஆகவே படுக்கை. இதழ் முறுக்கிக்கொண்டு போவது அதனால்தான். இத்தனை காலம் விசிறி இதழை நானும் அப்படித்தான் முறுக்கினேன், அச்சில் இருந்ததைப் பார்த்து. ஏன் முறுக்குகிறோம் என்பது அந்தக் கடுதாசியில்தான் எனக்கு விளங்கியது. எனக்கு அது தொழுகையில் ஓதிவந்த ஒரு வசனத்துக்கு முதன்முறை பொருள் கேட்டதுபோல் இருந்தது.

செதுக்கி முடிந்ததும் இரண்டு சவர அலகுகளை நிமிர்த்தி வைத்து, துளையில் ஊசி கோத்து அதன்மேல் தொங்கவிட்டேன். எந்தப் பக்கம் தாழ்ந்ததோ அந்தப் பக்கத்தைக் கண்ணாடித் துண்டால் சுரண்டினேன். எப்படி விட்டாலும் அப்படியே நிற்கும்வரை சுரண்ட வேண்டும்.

அடுத்த தடவை மாணிக்கம் விமானத்தை இறக்கை கழற்றி லொறியில் கொண்டுவந்தார். பட்டறைக்குப் பின்னால் ஒரு பலாமரம். அதன் அடியில் கயிறு கட்டி, கயிற்றில் மீன்காரரின் தொங்குதராசை மாட்டி, அதில் விமானத்தின் வாலைக் கொளுவினோம். எந்தப் புரொப்பெல்லர் தராசைக் கூட இழுத்து முள்ளைக் கூடக் கீழே இறக்குகிறதோ அதுதான் நல்லது. விசிறிக்கும் எங்கள் வழக்கம் அதுதான்: பூட்டி, ஓடவிட்டு, எது கூடக் காற்றுத் தள்ளுகிறது என்று பார்ப்பது.

தட்டையானதைப் பூட்டினோம். தராசின் முள் இறங்கிய இறக்கத்தில் மாணிக்கம் துள்ளினார். செங்குத்தானது பூட்டியபோது எஞ்சின் மலையேறும் லொறிபோல் முக்கியது, முள் பாதிகூட இறங்கவில்லை. சந்தேகமே இல்லை, தட்டையானதுதான். நடுத்தரத்தைச் செய்யும் யோசனையையே விட்டுவிட்டோம்.

பறக்கவிட்டது தோட்டத்துப் பந்து விளையாட்டு மைதானத்தில், காற்று எழும்பாத காலை நேரம். பெரிய துரை குதிரையில் வந்து ஓரமாக நின்றார். விமானம் புல்லில் ஓடியது, சடாரென்று எழும்பியது. "பாத்தீங்களா!" என்று மாணிக்கம் கத்தினார். கோல் கம்பத்தின் உயரம்தான். அதன்பின் எஞ்சின் கீச்சென்று அலறியது, ஆனால் விமானம் ஏறவில்லை. அவ்வளவு சத்தத்தோடு மெல்லத் தாழ்ந்து வந்து மூக்கால் புல்லைக் குத்தியது. புரொப்பெல்லரின் ஒரு நுனி முறிந்தது. மற்றதெல்லாம் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ்.

துரை வானத்தைப் பார்த்தார். மேகம் கட்டியிருந்தது. "மாணிக்கம், மழ வருது. கொழுந்து வருது. நமக்கு மாடி வேணும்" என்றார். குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். மாணிக்கம் விமானத்தின் மூக்கில் ஒட்டிய மண்ணைச் சேர்ட்டின் நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நானும் போர்மனும் பஸ்ஸில் திரும்பினோம். முறிந்த புரொப்பெல்லர் என் மடியில். போர்மன் காதிலிருந்த பென்சிலை எடுத்து, புரொப்பெல்லரின் துளையில் கோத்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டினார். பஸ் வளைவுகளில் ஊர்ந்தபோது அது அசையவில்லை. தெல்தெனியா தாண்டி வீதி நேரானது, பஸ் வேகம் பிடித்தது. புரொப்பெல்லர் தானாகச் சுற்றத் தொடங்கியது. வேகம் கூடக் கூட விர்ரென்று சுற்றியது.

"ஐயா, கைய உள்ளுக்குப் போடுங்க! எதிர்ல லொறி வருது, கையோட போயிரும்!" என்று கண்டக்டர் கத்தினார். "வயசு போனாலும் வெளையாட்டுக் கொறயல்ல" என்று பின் கதிரையில் யாரோ சொன்னார்கள்.

போர்மன் கையை உள்ளே எடுக்கவில்லை. "ஹனிபா, இது என்ன சொல்லுது?"

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "எஞ்சின் இல்லாமலே சுத்துதே, ஐயா. காத்தே சுத்துது."

"ஓம். பஸ் ஓடுற ஓட்டத்துக்கே இது தானாச் சுத்துது. விமானம் ஓடத் தொடங்கின உடனே எதிர்க்காத்தே இதைச் சுத்தப் பாக்கும். பிறகு எஞ்சினுக்கு இழுக்க என்ன மிச்சம்? சும்மா கூடச் சுத்திக் கத்த வேண்டியதுதான்." அப்புறம் கையை உள்ளே எடுத்தார். "நாங்கள் விசிறிக்காரர். விசிறி நிண்ட இடத்தில நிக்கும், காத்துப் போகும். இது தான் போறது. போறதை மரத்தில கட்டிப்போட்டுக் கேள்வி கேட்டம்."

எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை அது. விசிறியைத் தெரியாத ஒருவன் அவ்வளவு நிச்சயமாகப் பிழை செய்திருக்க மாட்டான்.

அடுத்த நாள் ஏழு அங்குலப் பிட்சில் நடுத்தரத்தைத் தொடங்கினேன். தட்டையிலும் இன்னொன்று செய்தேன். வீட்டில் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்தும் கை காற்றில் முறுக்கிக்கொண்டிருந்தது.

"மகள்ட வாப்பா, சோறு ஆறிப்போய் ஈக்கி" என்றார் மனைவி. "புள்ளையள்ட வெளையாட்டுச் சாமானுக்கா இவ்வளவு யோசன?"

"அது பறக்காட்டி அடுப்புல போட்டுருவாங்க."

அவர் கறியை ஊற்றிவிட்டு, "அப்ப துஆக் கேளுங்க. சாப்பிட்டுட்டுக் கேளுங்க" என்றார். கேட்டேன். காற்றைப் படைத்தவனிடம் காற்றைப் பற்றிக் கேட்பதில் வெட்கமென்ன?

போர்மனின் யோசனை இது: கட்டித்தான் பார்க்க வேண்டும், ஆனால் மரம் ஓட வேண்டும். மரம் ஓடாது, லொறி ஓடும். தோட்டத்து லொறியின் கூரையில் பலகை அடித்து, இறக்கையில்லாத விமானத்தைச் சில்லுகளில் முன்னும் பின்னும் நகரும்படி நிறுத்தினோம். வாலில் அதே மீன் தராசு. பல்லேகலப் பக்கம் நேரான வீதித்துண்டு ஒன்று உண்டு. முதலில் தராசை மூக்குப் பக்கம் மாற்றி, புரொப்பெல்லர் இல்லாமலே ஓடினோம், எதிர்க்காற்று உடம்பை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்று அறிய. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் மறுபடி பிழை செய்வோம் என்றார் போர்மன். அவர் முன்னால் உட்கார்ந்து வேகமுள்ளைப் பார்த்துச் சத்தம் போடுவார். நான் லொறியின் பின்தட்டில் நின்று கூரையைப் பிடித்தபடி தராசைப் பார்த்துச் சத்தம் போடுவேன். மாணிக்கம் எஞ்சினைப் பார்த்துக்கொள்வார்.

வீதியோரத் தேநீர்க்கடையில் இருந்தவர்கள் எழும்பி வந்துவிட்டார்கள். "என்ன நானா, லொறி எத்தன மணிக்குப் பறக்கும்?" என்று ஒருவர் கேட்டார். "டிக்கட் எங்க எடுக்கிற?" என்றார் இன்னொருவர்.

பார்த்தது இதுதான். லொறி நின்றபடி இருக்கையில் தட்டையானது முதலாவது. மெல்ல ஓடும்போதும் அதுதான். வேகம் கூடக் கூட அதன் முள் ஏறிக்கொண்டே வந்து, விமானம் பறக்க வேண்டிய வேகத்தில் ஒன்றுமில்லாமல் போனது. செங்குத்தானது நின்ற இடத்தில் முக்கியது, விமானம் பறக்க வேண்டிய வேகத்தையும் தாண்டி லொறி ஓடியபோதுதான் முக்கல் நின்றது. புல்லில் ஓடி எழும்ப அதற்குப் பலமில்லை. நடுத்தரம் நின்ற இடத்திலும் முதலாவது இல்லை, மிஞ்சிய வேகத்திலும் முதலாவது இல்லை. ஆனால் நின்றபோதும் இழுத்தது, ஓடியபோதும் இழுத்தது. பறக்கும் வேகத்தில் அதன் முள்தான் எல்லாவற்றிலும் கீழே நின்றது, அங்கே அதன் இழுவைதான் கூட.

போர்மன் இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினார். தடவிப் பார்த்தார். "விசிறியளையும் வெறும் மாடியிலதானே ஓட்டிப் பாக்கிறம், ஹனிபா" என்றார் யோசனையாக. "கொழுந்து பரப்பின மாடியில காத்து வேறயாத்தானே இருக்கும்?" அந்தக் கேள்விக்குப் பிறகு எங்கள் பட்டறை, கொழுந்து பரப்பாத மாடியில் எந்த விசிறியையும் சோதித்துச் சரி சொன்னதில்லை. தகட்டைப் பற்றிக் கேட்ட தம்பிமாருக்கு என் பதில் இதுதான்.

மறுபடி மைதானம். இரவு தூறியிருந்தது, மாணிக்கம் மாடியைக் கூட்டிச் சாக்குத் தட்டுகளை இறக்கிவிட்டுத்தான் வந்திருந்தார். அன்றைக்கே கொழுந்து வரலாம். விமானம் திரும்பிப்போக மாடியில் இடமில்லை. துரையும் வந்தார். நான் ஸுபஹுத் தொழுகைக்குக் கைகால் கழுவிச் செய்த வுழூவோடேயே நின்றேன்.

இந்தத் தடவை அது துள்ளவில்லை. புல்லில் நீண்டு ஓடியது. மைதானம் முடியப்போகிறது என்று நான் கண்ணை மூடப் பார்த்த இடத்தில் தரையை விட்டது. சத்தம் ஒரே சீராக இருந்தது, அலறலும் இல்லை, முக்கலும் இல்லை. கோல் கம்பத்தைத் தாண்டியது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளைத் தாண்டியது. பெரிய வட்டமாகச் சாய்ந்து ஏறி, பட்டுத்துணி வெயிலில் மின்ன, மலைவிளிம்பைக் கடந்து மறைந்தது. சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை, பெற்றோல் முடிந்திருக்கும்.

துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "சரி டீமேக்கர்" என்றார். "ட்ரையருக்கு வெறகு கொறஞ்சு போச்சு." தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஃபெக்டரிய நா பாக்குறேன். நீ போய்த் தேடு" என்றார்.

தேடி நடந்தோம். மலைவிளிம்புக்கு அப்பால் தோட்டத்தின் அடுத்த பகுதி, அடுத்த டிவிஷன். மாணிக்கம் ஒவ்வொரு பள்ளத்தையும் எட்டிப் பார்த்தார். எனக்குப் பயம், எந்தப் பாறையில் சிதறிக் கிடக்கிறதோ என்று. கடைசியில் ஒரு கொழுந்து மலையில் பெண்கள் கூட்டமாக நின்று சிரிக்கிற சத்தம் கேட்டது. கூடையோடு நின்ற ஒருத்தி எங்களைக் கண்டதும் முன்னால் வந்தாள்.

"ஐயா, இது ஒங்களுதா? தலைக்கு மேல வந்துச்சுங்க, மூச்சுச் சத்தம்கூட இல்ல. செடி மேல பூனையாட்டம் உக்காந்துச்சு. மறுபடி கெளம்பிப் போயிருமோன்னு பயந்து, கூடைக் கயித்தக் கழட்டி நான்தாங்க கட்டிப்போட்டேன்."

தேயிலைச் செடிகளின் மட்டத்தில் விமானம் உட்கார்ந்திருந்தது. பட்டுத்துணியில் ஒரே ஒரு கிழிசல். புரொப்பெல்லர் முழுசாக இருந்தது. வாலில் கூடைக் கயிற்றைச் சுற்றி, நிழல் மரத்தின் அடியில் மூன்று முடிச்சுப் போட்டிருந்தாள், மாடு கட்டுவதுபோல்.

மாணிக்கம் செடிகளுக்கு நடுவிலேயே குந்திவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

போர்மன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அவிட்டு விடும், ஹனிபா" என்றார். "கட்டிப்போட்டுப் பாத்தது போதும்."